நினைவகத்தில் இருக்கும் பைட்டுகளையும் எம்மேப் செய்த கோப்பையும் ஒரே இடைமுகத்தால் படிப்பது எப்படி?

1. நிரற்கலன் (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். இருமக் கோப்பு வடிவம் ஒன்றைப் படிக்கும் நூலகத்தை ரஸ்ட் மொழியில் எழுதி வருகிறேன். வடிவம் எளியதுதான். தொடக்கத்தில் 64 பைட் தலைப்பு, அதை அடுத்து ஒரே நீளமுள்ள பதிவுகளின் அட்டவணை, இறுதியில் சரங்களைக் கொட்டி வைத்த ஒரு பகுதி. தனக்குரிய சரம் எந்த ஆஃப்செட்டில் (தொடக்கத்திலிருந்து எத்தனை பைட் தள்ளி) தொடங்குகிறது, எத்தனை பைட் நீளமுடையது என்ற இரண்டை மட்டும் ஒவ்வொரு பதிவும் வைத்திருக்கும்.

அந்தப் பைட்டுகள் எங்கிருந்து வருகின்றன என்பதில்தான் சிக்கல். சில கோப்புகள் பல ஜிகாபைட் அளவுள்ளவை. அவற்றை எம்மேப் செய்கிறேன், அதாவது கோப்பை நினைவக முகவரிகளாகவே காட்டும்படி இயங்குதளத்திடம் கேட்கிறேன். சில கோப்புகள் ஜிப் தொகுப்புக்குள் சுருங்கி வருவதால், விரித்தபின் நினைவகத்தில் ஒரு பைட் வரிசையாக மட்டுமே இருக்கின்றன. சிறியவை சில, தொகுக்கும்போதே இயங்குநிரலுக்குள் பதிக்கப்படுகின்றன. முதலில் எம்மேப்புக்கு ஒரு பகுப்பியை (வடிவத்தைப் பிரித்துப் படிக்கும் நிரலை) எழுதினேன். பிறகு அவசரத்தில் நினைவக வரிசைக்கு இன்னொன்றை எழுதிவிட்டேன். ஒன்றில் திருத்திய எல்லைச் சரிபார்ப்புப் பிழை மற்றொன்றில் நான்கு மாதங்கள் அப்படியே கிடந்ததைச் சென்ற வாரம்தான் கண்டேன்.

மூன்றையும் ஒரே பகுப்பி படிக்க வேண்டும். சரங்களை நகலெடுக்காமல் தர வேண்டும். இதற்குத் தனியாக ஒரு ட்ரெய்ட்டை (பல வகைகளுக்குப் பொதுவான இடைமுகத்தை) வரையறுக்க வேண்டுமா, அல்லது பைட் ஸ்லைஸ் போதுமா? ட்ரெய்ட் என்றால், ஒவ்வொரு பைட்டுக்கும் மறைமுக அழைப்பு (எந்தச் செயற்கூறு என்று ஓட்டத்தின்போது தேடி அழைப்பது) வந்து வேகம் குறையுமோ என்ற அச்சமும் இருக்கிறது.

2. சுட்டுவிரல்

ஸ்லைஸ் போதும். மெம்மேப்2 நூலகம் தரும் எம்மேப் வகையை நேரடியாகப் பைட் ஸ்லைஸாகப் பயன்படுத்தலாம், வெக்டரும் (உங்கள் நினைவக வரிசை) அப்படியே, இயங்குநிரலில் பதித்த தரவு ஏற்கெனவே ஸ்லைஸ்தான். ஸ்லைஸ் என்பது ஒரு முகவரியும் ஒரு நீளமும், அவ்வளவே. அந்த முகவரிக்குப் பின்னால் இருப்பது ரேமா, வட்டா என்பதை நிரல் அறிய வேண்டியதில்லை என்பதற்காகத்தானே மெய்நிகர் நினைவகமே இருக்கிறது? சி மொழியில் சுட்டியும் நீளமும், சி பிளஸ் பிளஸ் 20-இல் ஸ்பேன், பைத்தானில் மெமரிவியூ. எல்லாம் இதே கருத்துதான். இதற்கெனத் தனி ட்ரெய்ட் எழுதுவது வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவதாகும்.

3. நிரற்கலன்

பகுப்பிக்குள் நீங்கள் சொல்வது சரிப்படுகிறது. ஆனால் கோப்பைத் திறந்து, எம்மேப் செய்து, பகுத்த பொருளைத் திருப்பித் தரும் செயற்கூறில் சிக்கிக்கொள்கிறேன். பகுத்த பொருள் ஸ்லைஸைக் கடன் வாங்குகிறது (உடைமையின்றிச் சுட்டுகிறது). ஸ்லைஸ் எம்மேப்பிடம் கடன் வாங்குகிறது. எம்மேப்போ செயற்கூறு முடிந்த கணமே விடுவிக்கப்பட்டுவிடுகிறது. இரண்டையும் ஒரே ஸ்ட்ரக்டுக்குள் வைத்தால் அது தன்னையே சுட்டும் அமைப்பாகிவிடுகிறது. தொகுப்பி ஏற்க மறுக்கிறது.

4. பழம்பக்கம்

தொகுப்பி மறுப்பதில் ஒரு நியாயம் இருக்கிறது, நண்பரே. உடைமையையும் பார்வையையும் ஒரே பொருளில் பிணைக்க முயல்கிறீர்கள். அவற்றைப் பிரித்துவிட்டால் பாதிச் சிக்கல் தானாகக் கரையும். உங்களிடம் உடைமையாளர்கள் மூவர், பார்வை ஒன்றே. உடைமையாளர்கள் தம்முள் வேறுபடுவது விடுவிக்கப்படும் விதத்தில்: வெக்டர் ஒதுக்கியிடம் திரும்பிச் செல்கிறது, எம்மேப் செய்த பகுதி மன்மேப் செய்யப்படுகிறது, இயங்குநிரலில் பதித்தது விடுவிக்கப்படுவதே இல்லை. ஆகவே உடைமையாளரை, எண்ணிக்கை வைத்துப் பகிரும் ஆர்க் ஒன்றுக்குள் ட்ரெய்ட் பொருளாக வையுங்கள். பைட்ஸ் நூலகத்தின் ஃப்ரம் ஓனர் என்ற செயற்கூறு இதைத்தான் செய்கிறது.

பகுத்த பொருளுக்குள் ஸ்லைஸ்களைச் சேமிக்காமல் ஆஃப்செட்டுகளைச் சேமியுங்கள். 64 பிட் கணினியில் ஒரு ஸ்லைஸ் 16 பைட் எடுக்கும். 32 பிட் எண்கள் இரண்டு 8 பைட்தான். இட மிச்சத்தைவிடப் பெரிய பயன் ஒன்றும் உண்டு. ஆஃப்செட் என்பது கோப்பைப் பற்றிய உண்மை. முகவரி என்பது இந்த ஓட்டத்தைப் பற்றிய தற்செயல். மூலம் எதுவானாலும் ஆஃப்செட் மாறாது. தன்னையே சுட்டும் அமைப்பும் தேவைப்படாது. சரத்தை யாராவது கேட்கும்போது மட்டும் அடிப்படை ஸ்லைஸோடு ஆஃப்செட்டைச் சேர்த்துக் கொடுங்கள். மறைமுக அழைப்பு அந்த அடிப்படை ஸ்லைஸைப் பெறும்போது ஒருமுறைதான் நிகழும். அதற்குப் பின் எல்லாம் வெறும் நினைவகப் படிப்பு என்பதால், வேகம் பற்றிய உங்கள் அச்சத்துக்கும் இடமில்லை.

இந்த வழியில் நெடுந்தூரம் போனவர்கள், தொகுப்பிகளைக் கட்ட உதவும் எல்எல்விஎம் திட்டத்தினர். அவர்களுடைய மெமரிபஃபர் என்ற வகுப்பு தொடக்கச் சுட்டியையும் முடிவுச் சுட்டியையும் மட்டுமே வெளியே காட்டும். உள்ளே எம்மேப் செய்தார்களா, படித்து நகலெடுத்தார்களா என்பது பயனருக்குத் தெரியாது. 16 கிலோபைட்டுக்குக் குறைவான கோப்புகளை அவர்கள் எம்மேப் செய்வதில்லை, ஏனெனில் சிறு கோப்புகள் ஆயிரக்கணக்கில் வந்தால் முகவரி வெளி சிதறிவிடும். இதைவிட நுட்பமான சேதி ஒன்றுண்டு. இறுதி பைட்டுக்கு அடுத்து ஒரு சுழியம் இருக்கும் என்று அந்த வகுப்பு வழக்கமாக உறுதி தருகிறது. எம்மேப் செய்த கோப்பின் கடைசிப் பக்கத்தில் (பக்கம் என்பது இயங்குதளம் நினைவகத்தைப் பிரிக்கும் நிலையான அளவுத் துண்டு) மிஞ்சும் இடத்தை, இயங்குதளத்தின் கருவான கர்னல் சுழியங்களால் நிரப்பிவிடுவதால், பெரும்பாலான கோப்புகளுக்கு அந்த உறுதி செலவில்லாமல் கிடைத்துவிடும். கோப்பின் அளவு பக்க அளவின் சரியான மடங்காக அமைந்துவிட்டால் மிஞ்சும் இடமே இல்லை. அப்போது மட்டும் சத்தமின்றி நகலெடுக்கும் வழிக்கு மாறிவிடுவார்கள்.

இந்த எண்ணம் புதிதன்று என்பதையும் குறிப்பிட விரும்புகிறேன். கோப்பையும் நினைவகத்தையும் ஒன்றாகவே காட்டிய மல்டிக்ஸ் 1960-களைச் சேர்ந்தது. யூனிக்ஸில் எம்மேப்பின் இடைமுகம் 1983-இல் வெளியான 4.2 பிஎஸ்டியின் ஆவணத்திலேயே விவரிக்கப்பட்டிருந்தது, ஆனால் செயற்படுத்தப்படவில்லை. 1988-இன் சன்ஓஎஸ் 4.0-இல்தான் அது முழுமையாக வந்தது.

5. ஆறாம்பிட்

மேலே உள்ளவை அழகாக இருக்கின்றன. ஆனால் இருவரும் ஒரு பெரிய வேறுபாட்டைக் கடந்து போய்விட்டீர்கள். வெக்டரிலிருந்து வரும் ஸ்லைஸும் எம்மேப்பிலிருந்து வரும் ஸ்லைஸும் உருவத்தில் ஒன்று, வாக்குறுதியில் ஒன்றல்ல.

நான் முன்பு பணியாற்றிய ஓரிடத்தில், பதிவுக் கோப்புகளை எம்மேப் செய்து தேடும் ஒரு சேவை இருந்தது. பல மாதங்கள் குறையின்றி ஓடிய அது, ஒரு நாள் முதல் நள்ளிரவு கடந்ததும் சாகத் தொடங்கியது. பிழைச் செய்தி எதுவும் எழுதப்படவில்லை. நிரல் இறந்த கணத்தின் நினைவகப் பதிவான மையக் கோப்பைத் திறந்து பார்த்தால், இரண்டு பைட்டுகளை ஒப்பிடும் ஒரு சாதாரண மடக்கில் நிரல் நின்றிருந்தது. அந்த மடக்கை மூன்று பேர் இரண்டு நாட்கள் வரிவரியாகப் படித்தோம். அதில் எந்தத் தவறும் இல்லை. பதிவுக் கோப்பைச் சுழற்றும் கருவியின் அமைப்பை யாரோ மாற்றியிருந்தார்கள்: கோப்பை நகலெடுத்துவிட்டு, மூலக் கோப்பைச் சுழிய நீளத்துக்கு வெட்டும்படி. நாங்கள் எம்மேப் செய்திருந்த பக்கங்களுக்குப் பின்னால் கோப்பே இல்லாமல் போனது. அடுத்த பைட்டைத் தொட்டதும் கர்னல் சிக்பஸ் என்ற சிக்னலை அனுப்பியது; அதைக் கையாளாத நிரல் அங்கேயே சாகும்.

சாவதுகூட நல்ல முடிவு என்பேன். கோப்பு முழுவதும் வெட்டப்படாமல் ஒரு பக்கத்தின் நடுவில் வெட்டப்பட்டால், அந்தப் பக்கத்தின் எஞ்சிய பகுதி சுழியங்களாகப் படிக்கப்படும். சிக்னலும் வராது, பிழையும் வராது, தவறான விடை மட்டும் வரும். இவை போக, வட்டில் பழுது, வலையமைப்பு வழியான கோப்புத் தொகுதியில் இணைப்பு அறுதல் ஆகியனவும் உண்டு. ரீட் அழைப்பில் இவை திரும்பு மதிப்பாக வரும். எம்மேப்பில் இவையும் சிக்னலாகவே வரும்.

எஸ்கியூலைட் என்ற தரவுத்தள நூலகம் இதை எப்படிக் கையாண்டது என்பதைப் பாருங்கள். 2013-இல் வெளியான 3.7.17 பதிப்பில் எம்மேப் ஆதரவைச் சேர்த்தபோது, கோப்பு அடுக்கில் எக்ஸ்ஃபெட்ச் என்றொரு செயற்கூறைச் சேர்த்தார்கள். அது ஒரு பக்கத்தின் சுட்டியைத் தரலாம், அல்லது வெறுஞ்சுட்டியைத் தந்து கைவிரிக்கலாம். கைவிரித்தால் மேலடுக்கு வழக்கமான எக்ஸ்ரீட் வழியே நகலெடுத்துக்கொள்ளும். ஒருமை இருக்கிறது, ஆனால் தோல்விக்கும் அதில் இடம் இருக்கிறது. எம்மேப் செய்த கோப்பில் நேரும் உள்ளீட்டுப் பிழையைத் தங்களால் பிடிக்க இயலாது என்று அவர்களுடைய ஆவணம் வெளிப்படையாகவே சொல்கிறது.

6. சுட்டுவிரல்

ஆறாம்பிட் அவர்கள் சொன்ன நிகழ்வு வருந்தத்தக்கதுதான். ஆனால் அது எம்மேப்பின் தவறு என்பதைவிடக் கோப்பை எழுதியவரின் தவறு என்பதே பொருத்தம். மாற்ற வேண்டிய கோப்பை அதே இடத்தில் வெட்டக்கூடாது; புதிய கோப்பாக எழுதி, பழைய பெயரின்மேல் ரீநேம் செய்ய வேண்டும். அப்போது பழைய ஐநோடு (பெயரைச் சாராத கோப்பின் உள்பதிவு), அதை எம்மேப் செய்திருப்பவர் விடும்வரை உயிரோடு இருக்கும். விண்டோஸில் எம்மேப் செய்யப்பட்ட கோப்பை வெட்டுவதை இயங்குதளமே தடுத்துவிடுகிறது. நிரற்கலன் அவர்களின் கோப்புகள் எழுதியபின் மாறாதவை என்றால், இந்தப் பேயைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை.

சிக்னலைப் பிடித்துக் கையாளவும் வழி இருக்கிறதே?

7. ஆறாம்பிட்

இருக்கிறது, செயலியாக இருந்தால் நானும் அதை மறுக்க மாட்டேன். சிக்னல் கையாளி என்பது செயல்முறை முழுமைக்கும் ஒன்றுதான். விருந்தாளியாக வந்த நூலகம் வீட்டுக்காரரின் கதவுக்குத் தன் பூட்டை மாட்டக்கூடாது. மொழியின் இயக்கச் சூழலே அதைச் செய்தால் நிலைமை வேறு. ஜாவா மெய்நிகர் இயந்திரம் இத்தகைய சிக்பஸைப் பிடித்து இன்டர்னல்எரர் ஆக எறிகிறது. கோ மொழியில் செட்பேனிக்ஆன்ஃபால்ட் என்ற அமைப்பு அதைப் பேனிக்காக (நிரலே மீட்டுக்கொள்ளக்கூடிய பிழையாக) மாற்றித் தரும். ரஸ்டிலும் சி-யிலும் அப்படி ஒருவர் இல்லை.

எழுதுபவர் ஒழுங்காக நடப்பார் என்பது உங்கள் வாதத்தின் அடித்தளம். அவர் யாரென்று நூலகத்துக்குத் தெரியாது. மெம்மேப்2 நூலகம் எம்மேப் செய்யும் செயற்கூறை அன்சேஃப் (பாதுகாப்புக்குத் தொகுப்பி அல்ல, அழைப்பவரே பொறுப்பு) என்று குறித்திருப்பதற்குக் காரணமும் இதுவே: பகிர்வுக் கடனில் இருக்கும் ஸ்லைஸின் உள்ளடக்கம் மாறாது என்று ரஸ்ட் தொகுப்பி நம்புகிறது, வேறொரு செயல்முறை அதே கோப்பில் எழுதினால் அந்த நம்பிக்கை பொய்க்கிறது. எம்மேப்பைப் பிரைவேட்டாக (நாம் எழுதுவது நமக்கு மட்டும் தெரியும்படி) செய்வதும் முழுப் பாதுகாப்பன்று. நாம் இன்னும் எழுதாத பக்கங்களில் பிறர் செய்யும் மாற்றம் தெரியுமா தெரியாதா என்பதை பாசிக்ஸ் வரையறுக்கவில்லை.

இதிலிருந்து நடைமுறை அறிவுரை ஒன்று பிறக்கிறது. தலைப்பில் உள்ள நீளத்தைச் சரிபார்த்துவிட்டு, பிறகு அதே நீளத்தை மீண்டும் தலைப்பிலிருந்தே படிக்காதீர்கள். ஒருமுறை படித்து உள்ளூர் மாறியில் வைத்து, அதைச் சரிபார்த்து, அதையே பயன்படுத்துங்கள். வெக்டரில் இரண்டும் ஒன்றுதான். எம்மேப்பில் இரண்டு படிப்புகளுக்கு இடையில் உலகம் மாறியிருக்கலாம். இரண்டு செயல்முறைகளுக்கு இடையே நினைவகத்தைப் பகிர்வதுதான் நோக்கமென்றால், லினக்ஸ் 3.17 முதல் மெம்எஃப்டியும் (நினைவகத்தில் மட்டும் வாழும் கோப்பு) அதன் முத்திரைகளும் உள்ளன. சுருங்காது, எழுதப்படாது என்று கர்னலே உத்தரவாதம் தரும்.

8. குப்பைசேகரிப்பான்

ஜாவா பக்கத்திலிருந்து ஒரு குறிப்பு. இதே ஒருமைக்காக 2002-இல், ஜாவா 1.4-இல், பைட்பஃபர் வந்தது. குவியல் நினைவகத்துக்கு ஒரு துணைவகுப்பு, எம்மேப்புக்கு ஒன்று. இரண்டு குறைகள் எங்களை இருபது ஆண்டுகள் வாட்டின. குறியெண் 32 பிட் என்பதால் ஒரு பஃபர் 2 ஜிகாபைட்டைத் தாண்ட முடியாது. அதனால் லூசீன் போன்ற தேடல் நூலகங்கள் கோப்பைத் துண்டு துண்டாக எம்மேப் செய்து ஒட்ட வேண்டியிருந்தது. எம்மேப்பை நாமே விடுவிக்கவும் முறையான வழி இல்லை. குப்பை சேகரிப்பு நடக்கும்வரை காத்திருக்க வேண்டும் (என் புனைபெயருக்கு இதுதான் காரணம்).

2024-இல் வெளியான ஜாவா 22-இல் நிலைபெற்ற மெமரிசெக்மென்ட் இரண்டையும் தீர்த்தது: குறியெண் 64 பிட், ஆயுளை அரீனா என்ற தனிப்பொருள் வைத்திருக்கும், அரீனாவை மூடினால், அதன் செக்மென்ட்டைத் தொடுபவருக்கு ஒழுங்கான விதிவிலக்கு கிடைக்கும். பழம்பக்கம் அவர்கள் சொன்ன உடைமை, பார்வைப் பிரிப்புக்கு நாங்களும் சுற்றி வளைத்து வந்து சேர்ந்திருக்கிறோம்.

நிரற்கலன் அஞ்சிய மறைமுக அழைப்புச் செலவும் கற்பனையன்று. ஒரே மடக்கில் பல துணைவகுப்புகளின் பஃபர்கள் மாறி மாறி வந்தால், ஓடும்போதே தொகுக்கும் ஜிட் தொகுப்பியால் அழைப்பை உள்ளிட்டுக் கரைக்க முடியாமல் வேகம் விழுவதை நாங்கள் நேரில் கண்டவர்கள். பைட் அளவில் ஒருமையை வைத்ததால் வந்த வினை அது.

9. நிரற்கலன்

அனைவருக்கும் நன்றி. ஆஃப்செட் முறைக்கு நேற்று மாற்றி எழுதினேன். இரண்டு பகுப்பிகள் ஒன்றாயின. உடனே வேறொரு பூதம் கிளம்பியது. அட்டவணையை 32 பிட் எண்களின் ஸ்லைஸாக நேரடியாக வார்த்துப் படித்து வந்தேன். எம்மேப் செய்த கோப்பில் எல்லாச் சோதனைகளும் தேறின, வெக்டரிலும் தேறின. இயங்குநிரலில் பதித்த தரவில் மட்டும், பிழைத்திருத்தக் கட்டமைப்பில், ஒழுங்கமைவு தவறு (முகவரி 4-இன் மடங்காக இல்லை) என்று நிரல் நிற்கிறது. இன்னும் விந்தை, தொடர்பில்லாத வேறொரு சரத்தை நிரலில் சேர்த்தால் சோதனை தேறிவிடுகிறது!

10. பழம்பக்கம்

விந்தையேதும் இல்லை, நீங்கள் கேட்காத வாக்குறுதி ஒன்று இரண்டு இடங்களில் தற்செயலாக நிறைவேறிக்கொண்டிருந்தது. எம்மேப் எப்போதும் பக்க எல்லையில் தொடங்கும்: பெரும்பாலான எக்ஸ்86 கணினிகளில் 4096-இன் மடங்கு, ஆப்பிளின் ஆர்ம் சில்லுகளில் 16384-இன் மடங்கு. ஆகவே 4 பைட் ஒழுங்கமைவு கேளாமலே கிடைத்தது. பைட் வெக்டருக்கு மொழி உறுதியளிப்பது ஒரு பைட் ஒழுங்கமைவு மட்டுமே; ஒதுக்கிகள் வழக்கமாக 8 அல்லது 16-இன் மடங்கைத் தருவதால் அதுவும் பிழைத்தது. பதித்த தரவுக்கு உண்மையிலேயே ஒன்றுதான். அக்கம்பக்கத்தில் என்ன வைக்கப்படுகிறதோ அதைப் பொறுத்து அதன் இடம் நகரும். நாளை ஜிப் தொகுப்புக்குள் சுருக்கப்படாமல் இருக்கும் ஒரு கோப்பை அப்படியே சுட்ட நினைத்தாலும் இதே கதைதான்.

வார்ப்பதை விட்டுவிடுங்கள். நான்கு பைட்டுகளை எடுத்து, லிட்டில் எண்டியன் (மதிப்புக் குறைந்த பைட் முதலில் வரும்) எண்ணாக மாற்றும் செயற்கூறைப் பயன்படுத்துங்கள், சி-யில் மெம்காப்பி. பார்க்கச் செலவுபோல் தோன்றும். எக்ஸ்86-64-இல் தொகுப்பி அதை ஒற்றை மூவ் ஆணையாகச் சுருக்கிவிடும். பைட் வரிசை வேறான கணினியில் கோப்பைத் தவறாகப் படிக்கும் பிழையும் இதனாலேயே ஒழியும். எக்ஸ்86 ஒழுங்கற்ற முகவரியைப் பொறுத்துக்கொள்கிறதே என்று சி-யில் வார்த்துவிட்டுச் செல்பவர்களை நானறிவேன். தொகுப்பி அந்த மடக்கைத் திசையன் ஆணைகளாக மாற்றும் நாளில், ஒழுங்கமைவு வேண்டும் ஆணை ஒன்று வந்து அவர்களைக் கவிழ்க்கும்.

இதன் மறுபக்கம்: கோப்பின் நடுவிலிருந்து எம்மேப் செய்ய நேர்ந்தால், ஆஃப்செட் பக்க அளவின் மடங்காக இருக்க வேண்டும், விண்டோஸில் 64 கிலோபைட்டின் மடங்கு. கீழ்நோக்கி முழுமையாக்கி எம்மேப் செய்து, மிகுதியை ஸ்லைஸில் கழித்துக்கொள்ளுங்கள். இதை உடைமையாளரே செய்யட்டும், பகுப்பிக்குத் தெரிய வேண்டாம்.

11. நிரற்கலன்

இப்போதைய அமைப்பை எழுதுகிறேன். குறை இருந்தால் சொல்லுங்கள்.

பகுப்பி ஒரு ட்ரெய்ட்டை மட்டும் அறியும். அதில் இருப்பது ஒரே ஒரு செயற்கூறு. ஆஃப்செட்டும் நீளமும் கொடுத்தால் அது பைட் ஸ்லைஸைத் தரும், அல்லது பிழையைத் தரும். ஆப்ஜெக்ட் நூலகத்தின் ரீட்ரெஃப் இதே வடிவில் இருப்பதைப் பிறகு கண்டேன். அது ஸ்லைஸுக்கும், கோப்பிலிருந்து வேண்டியதை மட்டும் படித்து வைத்துக்கொள்ளும் ரீட்கேஷுக்கும் பொதுவாக அமைந்திருக்கிறது. நானும் அப்படியே இரண்டு வடிவங்களைத் தருகிறேன். ஸ்லைஸ் வழியே வந்தால் எல்லைச் சரிபார்ப்பு மட்டும். கோப்பு வழியே வந்தால் உள்ளீட்டுப் பிழைகள் பிழைகளாகவே மேலே வரும். ஒரு பதிவுக்கு ஒரு முறை என்று கேட்காமல் அட்டவணை முழுவதையும் ஒரே அழைப்பில் கேட்பதால், குப்பைசேகரிப்பான் சொன்ன வேக இழப்பும் இல்லை.

எம்மேப் செய்யும் பொறுப்பை நூலகத்திலிருந்து நீக்கிவிட்டேன். பாதையைக் கொடுத்துத் திறக்கும் செயற்கூறு இனிமேல் கோப்பைச் சாதாரணமாகப் படிக்கும். எம்மேப் வேண்டுபவர் தாமே செய்து ஸ்லைஸைக் கொடுக்கலாம், அந்த அன்சேஃப் அவருடைய நிரலில் அவர் கண்ணெதிரே இருக்கும். சுட்டுவிரல் அவர்களுக்கு இது மிகையாகத் தோன்றக்கூடும்.

12. சுட்டுவிரல்

மிகைதான். பெரிய கோப்புள்ள எல்லாரும் அதே ஐந்து வரிகளை எழுதப் போகிறார்கள். அவர்களில் பாதிப் பேர் தவறாக எழுதுவார்கள். தனி விருப்பக்கூறாகவாவது நூலகத்திலேயே வைத்திருக்கலாம் என்பதில் நான் மாறவில்லை. ஆனால் ட்ரெய்ட்டின் வடிவம் நன்றாக இருக்கிறது. தொடக்கத்தில் அதை நான் தேவையில்லை என்று சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன்.

ஒன்று கேட்கிறேன்: காலிக் கோப்பைக் கொடுத்துச் சோதித்தீர்களா? காலி வெக்டர் ஒழுங்கான ஸ்லைஸைத் தரும். லினக்ஸில் சுழிய நீளத்துக்கு எம்மேப் கேட்டால் தவறான உள்ளீடு என்று கர்னல் மறுத்துவிடும்; பைத்தானின் எம்மேப் தொகுதியும் காலிக் கோப்பை ஏற்பதில்லை. புரோக் கோப்புகளோ (கர்னல் தன் நிலையைக் காட்டும் மெய்நிகர் கோப்புகள்) உள்ளடக்கம் இருந்தும் தம் நீளத்தைச் சுழியம் என்று காட்டும். குழாய் வழியே வருவதை எம்மேப் செய்யவே முடியாது.

13. நிரற்கலன்

இப்போதுதான் சோதித்தேன். காலிக் கோப்பில் தலைப்பு போதவில்லை என்ற ஒழுங்கான பிழை வருகிறது. குழாயில் தோற்றது: கோப்பின் நீளத்தை முதலிலேயே கேட்டு, அது சுழியம் என்றதும் படிக்காமலே திரும்பிவிடுகிறேன். இன்றிரவு அந்த நீளத்தை வெறும் குறிப்பாக மட்டும் எடுத்துக்கொண்டு, இறுதிவரை படிக்கும்படி மாற்றுகிறேன்.